உப்புக் கால அட்டவணை

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வாசல் பெருக்கி, பால் காய்ச்சி, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். இட்லிக்குக் காரச் சட்னி. மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். ஏழரைக்குக் கணவர் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். அவருடைய டிபன் பாக்ஸில் ஸ்பூன் வைக்க மறந்தது, அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாட்குறிப்பில் அதையும் எழுதியிருக்கிறேன். அன்றைய பக்கத்தில் காலைப் பகுதி முழுக்க இப்படித்தான் இருக்கிறது. சாயங்காலப் பகுதியை அன்று எழுத முடியவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

எட்டேகாலுக்கு உப்பளத்துச் சாலை வழியாகப் பள்ளிக்கு நடந்தேன். ஜூன் மாதத்தில் மரக்காணத்தில் உப்பு நன்றாக விளையும். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கியவர்கள் வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரப்பின் மேல் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். எட்டாம் வகுப்புக்காரி. அம்மாவுக்குக் கஞ்சி கொண்டு வந்த தூக்குவாளி கையில் இருந்தது. இன்னும் வீட்டுக்குப் போய், தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அவள் பள்ளிக்கு வர வேண்டும். எப்படியும் ஒன்பதே முக்கால் ஆகும். இருந்தும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கையை ஆட்டினாள். முதல் பாடவேளை நூலகம் என்பது அவளுக்குத் தெரியும்.

நான் அந்தப் பள்ளியின் நூலகர். அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஊரில் பாதி உப்பள வீடுகள், பாதி மீன்பிடி வீடுகள். எல்லாப் பள்ளிகளிலும் நூலகத்துக்கென்று ஒரு பாடவேளை காகிதத்தில் இருக்கும். ஆசிரியர் யாராவது லீவு போட்டால் அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து நூலகத்தில் அடைப்பார்கள். எங்கள் பள்ளியில் அப்படி இல்லை. எங்களிடம் இரண்டு அட்டவணைகள் இருந்தன. அலுவலகக் கோப்பில் அட்டவணை ஒன்று, அட்டவணை இரண்டு என்றுதான் எழுதியிருக்கும். எங்களுக்குள் அவை உப்புக் கால அட்டவணை, மழைக் கால அட்டவணை. ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பிள்ளைகள் நேரத்துக்கு வருவார்கள். நூலகம் மதியத்துக்கு மாறும். தை கழிந்து பாத்தி கட்டத் தொடங்கியதும் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு நூலகம் முதல் பாடவேளைக்கு வந்துவிடும். தாமதமாக வருகிற பிள்ளை பின்கதவு வழியாக உள்ளே வந்து உட்காரும். அதற்குக் கணக்கோ அறிவியலோ விட்டுப்போகாது. யாரும் அதை வெளியில் நிறுத்த மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு என் மூளையில் உதித்ததல்ல. கணக்கு டீச்சருடையது. பள்ளியின் கால அட்டவணை போடுகிறவள் அவள்தான். என்னைவிட நான்கு வயது சின்னவள். இதே ஊரில் உப்பளக் கூலி வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாசி மாதம் நூலகத்துக்கு வந்து, "அக்கா, இந்தப் பசங்க மொத பீரியட் பூரா கிரவுண்டுல நிக்குதுங்க. உங்க பீரியட அங்க தூக்கிப் போட்டுடறேன், சமாளிப்பீங்களா?" என்று கேட்டாள். நான் தெற்கே இரும்பை என்கிற விவசாய ஊரில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை பிடுங்குகிற நாட்களில் வகுப்பு பாதி காலியாக இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். சரி என்றேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம்.

வருஷத் திட்டம் போடுவது அதற்கப்புறம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஏப்ரலில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய், எந்த மாதம் எந்தப் பாடம் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். மே மாதம் முழுக்க அந்தப் பாடத்துக்கு நம்மிடம் என்ன புத்தகம் இருக்கிறது, அதை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்று பொருத்துவேன். சமூக அறிவியலில் காற்றுகள் வருகிற வாரம் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களின் வானிலைப் பகுதியை வெட்டி ஒட்டுவோம். தமிழில் கடிதம் வருகிற வாரம் ஒவ்வொருவரும் தான் படித்த புத்தகத்திலுள்ள ஒரு ஆளுக்குக் கடிதம் எழுதுவார்கள். கணக்கில் விகிதம் வருகிற வாரம் நிலவரைபடத்தில் நூலைப் பிடித்து மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். பாடத்தில் படித்தது நூலகத்தில் கைக்கு வரும். நூலகத்தில் கண்டது வகுப்பில் கேள்வியாகும். ஆசிரியர்களும் அதை எதிர்பார்க்கப் பழகியிருந்தார்கள்.

அன்றைக்கு எட்டாம் வகுப்பில் அறிவியலுக்குக் கலவைகளைப் பிரித்தல். கலைக்களஞ்சியத்தின் மூன்று தொகுதிகளை மேஜை மேல் வைத்து, கேள்விச் சீட்டுகளைக் கொடுத்திருந்தேன். முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் மீனவர் தெருப் பிள்ளைகள். ஒன்பதே முக்காலுக்குப் பின்கதவு வழியாக உப்பளத்துக் கூட்டம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. காலையில் பார்த்த பெண்ணும் வந்து தொகுதியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏய், கைய கழுவிட்டு வந்து புக்க தொடு. நாத்தமா இருக்குது" என்றான் எதிரில் இருந்தவன்.

"உப்புக்கு நாத்தம் கெடையாதுடா. கருவாட்டுக்குதான் நாத்தம். உங்க வீட்டுல போய் மோந்து பாரு."

"மிஸ், இவ எங்க வீட்ட பேசறா!"

"உங்க கருவாட்டுக்கு உப்பு எங்க வீட்டுலருந்துதான் வருது. ஒரு வாரம் நிறுத்தறேன் பாரு" என்றாள் அவள். மேஜை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே கேள்விச் சீட்டின் இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினார்கள். இதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த அட்டவணையில் நடந்த கடைசி வகுப்பு அது என்று எழுதும்போது எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு ஆசிரியர் கூட்டம். வருஷத் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவதற்கானது. கணக்கு டீச்சர் வழக்கம்போல என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "குடிங்கக்கா, வேர்த்து ஊத்துது" என்றாள். குடித்தேன்.

தலைமையாசிரியர் எங்கள் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கெட்டவர் அல்ல. எதையும் சுருக்கமாக முடிக்க நினைப்பவர். என் திட்டத்தைக் கையில் எடுத்தார்.

"லைப்ரரி ப்ளான் முழுக்கப் படிச்சேம்மா. இவ்ளோ தெளிவா யாரும் எழுதிக் குடுத்து நான் பார்த்ததில்ல."

"அவங்க வீட்டு மளிகை லிஸ்ட்டுக்கே பொருளடக்கம் இருக்கும் சார்" என்றார் தமிழ் ஐயா. எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

"எந்த புக்கு, எந்தப் பக்கம், என்ன கேள்வி கேக்கணும், எத்தன நிமிஷம், பசங்க என்ன பதில் சொல்லுவாங்க, தப்பா சொன்னா என்ன செய்யணும், எல்லாம் இருக்குது. யார் கையில குடுத்தாலும் நடத்திடலாம்" என்றார் தலைமையாசிரியர். "அதனாலதான் சொல்றேன். இத அந்தந்த டீச்சர் கிளாஸ்லயே நடத்திக்கட்டும். தனியா ஒரு பீரியட் எதுக்கு?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "சார், மொத பீரியட்ல..." என்று தொடங்கினேன்.

"மொத பீரியட் நாளையிலருந்து கணக்குக்குப் போகுதும்மா. தினம் ஒரு டெஸ்ட். டீச்சர், நீங்களே சொல்லிடுங்க."

பக்கத்து நாற்காலி பின்னால் நகர்ந்தது. அவள் எழுந்தாள். மடியில் இருந்த கோப்பிலிருந்து நகலெடுத்த தாள்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். புதிய கால அட்டவணை. வருஷம் முழுக்க ஒரே அட்டவணை. நூலகம் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

"ரெண்டு டைம்டேபிள் வச்சிருக்கறதுல கன்ஃபியூஷன் சார்" என்றாள் அவள். "இனிமே ஒண்ணுதான்."

"லேட்டா வர்ற பசங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே மெல்லியதாகக் கேட்டது.

"பூவரச மரத்தடியில நிக்கட்டும். செகண்ட் பீரியட்ல உள்ள வரட்டும்." பதிலைத் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு வாரம் நின்னா தானா நேரத்துக்கு வந்துடுவாங்க."

தமிழ் ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய வகுப்புகள் எதுவும் கடைசிப் பாடவேளையில் விழவில்லை என்று தெரிந்ததும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. கழிப்பறைக் குழாய்.

நான் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால அட்டவணை எப்படிப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்; எத்தனையோ வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு ஆசிரியரை ஒரு கட்டத்திலிருந்து நகர்த்தினால் நான்கு பேர் இடம் மாறுவார்கள். அழித்து அழித்துப் போட வேண்டும். முந்தின நாளோ முந்தின வாரமோ போட்டதல்ல அது. மே மாதத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

மே மாதம் அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதை இங்கே எழுதியாக வேண்டும். விடுமுறையிலும் வாரத்தில் மூன்று நாள் நூலகத்தைத் திறந்து வைத்துத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பத்து மணிவாக்கில் வருவாள். சில நாள் தர்பூசணி வாங்கி வருவாள். வழக்கமாக என் திட்டம் சுருக்கமாக இருக்கும். வாரம், பாடம், புத்தகம், செயல்பாடு. ஒரு வரிதான், மீதி என் தலையில் இருக்கும். இந்த வருஷம் அவள்தான் சொன்னாள்: "அக்கா, ஆகஸ்ட்ல பொண்ணு பிரசவத்துக்கு லீவு போடுவீங்கல்ல? நீங்க இல்லன்னா யாராவது நடத்தணும்ல? கொஞ்சம் விரிவா எழுதுங்க. லைப்ரரி பக்கமே வராத ஆளு எடுத்துப் படிச்சாக்கூட நடத்தற மாதிரி."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் மகளின் பிரசவத்தை நினைவில் வைத்திருக்கிறாளே என்று. ஒழுங்காக எழுதுவது என் குணம். ஒரு வரி இருந்த இடத்தில் அரைப் பக்கம் எழுதினேன். புத்தகம் எந்த அடுக்கில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது. பிள்ளைகளை எப்படிப் பிரித்து உட்கார வைப்பது. சீக்கிரம் முடித்துவிடுகிறவர்களுக்கு அடுத்து என்ன கொடுப்பது என்று எல்லாம். எழுதிய பக்கங்களை அவளே படித்துப் பார்த்தாள். "இங்க பக்க எண் விட்டுப்போச்சுக்கா" என்பாள். "இந்த எடத்துல டீச்சர் என்ன சொல்லணும்னு இல்லையே" என்பாள். நான் நன்றி சொல்லித் திருத்தினேன். என்னுடைய இடத்தில் நான் இல்லாமலே எப்படி நடத்துவது என்பதை ஒரு மாதம் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக, நானே அவளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசி மணி அடித்து, பிள்ளைகள் போன பிறகு அவள் நூலகத்துக்கு வந்தாள். வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். இங்கே கடற்காற்றில் இரும்பு அலமாரி துருப்பிடித்துவிடும். ஒரு ஜன்னலையும் திறந்து வைத்துப் போக முடியாது.

"கோவமாக்கா?"

"எப்போ முடிவு பண்ணுன?"

"ஏப்ரல்ல. பரீட்ச பேப்பர் திருத்தினேன்ல, அப்போ."

"ஏப்ரல்ல முடிவு பண்ணிட்டு மே மாசம் வந்து உக்காந்து, பக்க எண் விட்டுப்போச்சுன்னு சொன்னியா?"

"அது நல்ல ப்ளான்க்கா. அதுல ஒரு எழுத்த நான் மாத்த சொல்லல. ஏழு டீச்சரும் நடத்தப் போறாங்க. உங்க வேலதான் எல்லா கிளாஸ்லயும் நடக்கப் போகுது."

"லீவு போடறேன்னுதான எழுதச் சொன்ன?"

"அதுக்கும்தான்."

நான் கடைசி ஜன்னலின் கொக்கியைப் போட்டேன். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மடமடவென்று பேசினாள்.

"நீங்க இரும்பக்காரங்க. மல்லாட்ட பிடுங்கறது வருஷத்துல பத்து நாளு. நான் பாத்தி வீட்டுப் பொண்ணு. எட்டு மாசம் தெனம் கஞ்சி கொண்டு போவணும். என்ன எந்த வாத்தியாரும் லைப்ரரில உக்கார வெக்கல. வெளியிலதான் நிக்க வெச்சாங்க. நின்னு நின்னு ஒரு நாள் எங்கம்மாகிட்ட சண்ட போட்டேன். இனிமே உன் கஞ்சிய நீயே எடுத்துட்டுப் போன்னேன். அடிச்சுது. ஆனா மறுநாள்லருந்து தானே எடுத்துட்டுப் போச்சு. இந்தப் பசங்க யாராவது வீட்டுல சண்ட போடறாங்களா? ஏன் போடணும்? லேட்டா போனா லைப்ரரி. ஜாலி. அம்மாக்களும் அதத்தான் சொல்றாங்க: மொதல்ல லைப்ரரிதான, நீ இந்த வேலைய முடிச்சுட்டுப் போன்னு. லேட்டா வர நாமளே பழக்கி விட்டுட்டோம்க்கா. ஒம்பதாவதுல பாதிப் பேருக்குப் பின்னம் கூட்டத் தெரியல."

அவள் சொன்னதில் பொய் இல்லை. நூலகத்தை நம்பி வீட்டில் வேலையைக் கூட்டிக் கொடுக்கிற அம்மாக்கள் உண்டு. எனக்கே தெரியும். ஆனால் ஒன்பதே முக்காலுக்கு வந்து தொகுதியைத் தன் பக்கம் இழுக்கிற பெண்ணையும் எனக்குத் தெரியும். மரத்தடியில் ஒரு வாரம் நிற்கும் பிள்ளைகள் எல்லாமே வீட்டில் சண்டை போடாது. சில பிள்ளைகள் பள்ளியையே விட்டுவிடும். அதைச் சொன்னேன்.

"விடாது."

"உன் கூட நின்னவங்க எல்லாம் டீச்சராயிட்டாங்களா?"

அவளோடு அன்று வெளியில் நின்றவர்கள் யார் என்று எனக்கும் தெரியும். சிலரை இன்றைக்கும் அந்தச் சாலையில் பாத்தியில் பார்க்கலாம்.

"சரி" என்றேன். "உனக்கு இப்படித் தோணுச்சு. இத ஏப்ரல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சண்ட போட்டிருப்பேன். ரெண்டு பேருமா ஒரு வழி யோசிச்சிருப்போம்."

"சொல்லியிருந்தா நீங்க எழுதியே குடுத்திருக்க மாட்டீங்கக்கா."

கூட்டல் கணக்கின் விடையைச் சொல்வதுபோல அதைச் சொன்னாள். குரலில் வெட்கம் இல்லை, வன்மமும் இல்லை. இரண்டில் ஒன்று இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எட்டாவதுக்கு இந்த வாரத்துக்கு வேண்டிய புக்கெல்லாம் தனியா எடுத்து வெச்சுடறீங்களா? நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

"வெக்கறேன்."

வாசல் வரை போனவள் நின்றாள். "பொண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. நல்லாருக்கா."

"நல்லதுக்கா" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்; முகத்தில் தெரிந்தது. அவள் போன பிறகு, பதில் சொன்னதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை அவள் இதைக் கேட்கிறாள், நானும் சொல்கிறேன். வாய் பழகிவிட்டது.

வீட்டுக்குப் போய், துணி மடித்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"அந்தம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்குதே" என்றார்.

"நியாயம் இல்லன்னு நான் சொன்னேனா?"

"அப்புறம் என்ன?"

அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாடவேளையை எடுத்துக்கொண்டது ஒரு பக்கம். அதை நேருக்கு நேர் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், தோற்றிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு பேசியிருப்பேன். ஆனால் என்னுடைய ஒழுங்கை, எது ஒன்றையும் முழுதாக எழுதி முடிக்காமல் விடாத குணத்தை, அவள் பல வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டு, சரியான இடத்தில் பயன்படுத்தியிருக்கிறாள். வேறு யாராலும் அதைச் செய்திருக்க முடியாது. தலைமையாசிரியருக்கு அப்படி ஒரு குணம் என்னிடம் இருப்பதே தெரியாது.

"என்னமோ போ" என்றார் அவர். "நீ ஸ்பூன் வெக்காம விட்டுட்ட. இன்னைக்கு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் கையாலதான் சாப்ட்டேன்."

"கையால சாப்ட்டா என்ன? சின்ன வயசுல கையால சாப்ட்டதே இல்லையா?" என்று கத்தினேன். மனுஷன் பயந்துபோய் டம்ளரைக் கழுவி வைத்தார். அவர் மீது கத்தியதற்கு ஒரு காரணமும் இல்லை.

சமையல் முடிந்த பிறகு திட்டத்தின் என் பிரதியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். சில பக்கங்களைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. பிரயோஜனமில்லை, தலைமையாசிரியரிடம் ஒரு பிரதி, அவளிடம் ஒரு பிரதி. அடுக்குகளில் புத்தகங்களை இடம் மாற்றி வைத்தால் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்றும் யோசித்தேன். யோசித்த அளவில் சரி. என்னால் அதைச் செய்ய முடியாது. தப்பான இடத்தில் ஒரு புத்தகம் இருப்பதாகத் தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்புக்கான பக்கங்களைப் புரட்டினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். யார் நடத்தினாலும் நடக்கும். எந்தப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்பதுவரை அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை மரத்தடியில் நிற்கும்போது என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. அதை எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மரத்தடி, பாடம் நடத்தும் இடமாக யார் மனதிலும் இல்லை.

மறுநாள் புதன்கிழமை. எட்டு மணிக்கே பள்ளியில் இருந்தேன். நூலகத்தைத் திறந்ததும், வழக்கமாகச் செய்கிற எதையும் செய்யவில்லை. தூசி தட்டவில்லை, செய்தித்தாளைப் பிரிக்கவில்லை, கணக்கு டீச்சருக்கு எடுத்து வைக்க வேண்டிய புத்தகங்களைத் தொடவில்லை. மணி அடிக்கிற அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த நீள பெஞ்ச ஒரு கை பிடிங்க."

"எங்கம்மா?"

"மரத்தடிக்கு."

அவர் பெஞ்சைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். புதிய அட்டவணை அவருக்கும் தெரியும். மணி அடிப்பவர் அவர்தான். "எச்.எம். கேட்டா என்ன சொல்றது?"

"மூட்டப்பூச்சி வந்துடுச்சு, வெயில்ல காய வெச்சிருக்குன்னு சொல்லுங்க."

"மரத்தடியில எங்கம்மா வெயிலு?"

"பிடிங்கண்ணே."

ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினோம். கனமான பெஞ்சு, மைதானத்தில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்துத்தான் கொண்டுபோக முடிந்தது. கால்கள் மணலில் சமமாக நிற்கவில்லை. ஒரு பக்கம் செங்கல் துண்டு வைத்தேன். பிறகு திரும்பிப் போய் அலமாரியைத் திறந்து, திட்டத்தில் எங்கேயும் நான் எழுதாத புத்தகங்களாகப் பார்த்து இரண்டு கை நிறைய எடுத்துக்கொண்டு வந்தேன். எந்தெந்தப் புத்தகம் என்று பதிவேட்டில் எழுதவில்லை.

"புக்குக்குமா மூட்டப்பூச்சி?" என்றார் அவர்.

"அதுக்குப் பூஞ்ச" என்றேன். முந்தானையால் பெஞ்சைத் துடைத்து, புத்தகங்களை அதன் மேல் வரிசையாக வைத்தேன்.